நிரம்பாத குழிகளும் நாம் அருந்தும் கிணற்று நீரும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலோ கிழக்கின் கரையோர நகரங்களிலோ ஒரு வீடு கைமாறும்போது விற்பவர் பெருமையுடன் கூறும் செய்தியொன்று உண்டு. மலசலகூடக் குழி கட்டி முப்பது வருடமாகியும் அது ஒருமுறையேனும் நிரம்பியதில்லை என்பதே அச்செய்தி. வாங்குபவரும் அதனை அந்த வளவின் நற்குணங்களுள் ஒன்றாகவே எடுத்துக்கொள்கின்றார். முப்பது வருடமாக அக்குழிக்குள் சென்றவை யாவும் எங்கே போயின என்ற கேள்வி இருவர் மனதிலும் எழுவதில்லை. அதே வளவின் மறுகோடியில் கிணறு இருக்கின்றது. அதிலிருந்து அள்ளிய நீரில் தேநீர் வைத்தே விலைபேசல் நிறைவு பெறுகின்றது.

நிரம்பாத குழி நல்ல குழி என்ற இந்த நம்பிக்கை எமது சமூகங்களில் ஆழ வேரூன்றிவிட்டது. அது எவ்வளவு தூரம் உண்மை என்பதையும், கழிவுநீரை மண்ணுக்குள் விடுவதற்கு முன்னர் அந்த மண்ணைச் சோதித்தறியும் ஒரு சாதாரண நடைமுறை எமது பிரதேசங்களில் ஏன் வெறும் கடதாசியளவில் நிற்கின்றது என்பதையும் ஆராய வேண்டிய காலம் வந்துவிட்டது. 2023 மார்ச் மாதத்தில் பதவிக்காலம் முடிவுற்று, இரண்டு வருடங்களுக்கு மேலாக ஆணையாளர்களினதும் செயலாளர்களினதும் பொறுப்பில் இயங்கிய உள்ளூராட்சி மன்றங்களில் மிகப் பெரும்பாலானவை, 2025 மே மாதத் தேர்தலின் பின்னர் மீண்டும் மக்கள் பிரதிநிதிகளின் கைகளுக்கு வந்துள்ளன. வீதிகளும் வீதி விளக்குகளும் பற்றிப் பேசப்படும் அச்சபைகளில் நிலத்துக்குக் கீழே நடப்பது பற்றியும் பேசப்பட வேண்டும் என்பதே எமது எதிர்பார்ப்பாகும்.

இலங்கையில் குழாய்வழிக் கழிவுநீர் அகற்றல் வசதியைப் பெற்றிருப்போர் மொத்தச் சனத்தொகையில் நூற்றுக்கு இரண்டு, மூன்று வீதத்தினர் மாத்திரமே. கொழும்பையும் அதன் சுற்றுப்புறங்களையும் வேறு சில நகரங்களையும் தவிர்ந்த ஏனைய இடங்களில் வாழும் நாம் அனைவரும் எமது கழிவை எமது வளவுக்குள்ளேயே அகற்றிக்கொள்கின்றோம். ஒரு செப்டிக் தாங்கி, அதனையடுத்து ஓர் உறிஞ்சு குழி என்பதே விதிமுறை. ஆனால் நடைமுறையில் பல வீடுகளில் தாங்கியே கிடையாது. அடித்தளம் பூசப்படாத, பக்கங்களில் கல் அடுக்கிய ஒரு குழியே தாங்கியாகவும் உறிஞ்சு குழியாகவும் இரட்டைப் பணி புரிகின்றது.

செப்டிக் தாங்கி கழிவைச் சுத்திகரித்து விடுகின்றது என்று பலர் எண்ணுகின்றனர். இது தவறான எண்ணமாகும். தாங்கியில் நடப்பது, கனமானவை அடியில் படிவதும் இலேசானவை மேலே மிதப்பதும், படிந்தவற்றில் ஒரு பகுதி உக்குவதும் மாத்திரமே. நடுவிலிருந்து வெளியேறும் நீர் பார்வைக்குச் சற்றுத் தெளிவாக இருப்பினும் நோய்க் கிருமிகளில் பெரும்பாலானவை அதில் உயிருடனேயே இருக்கின்றன. உண்மையான சுத்திகரிப்பு அதன் பின்னர் மண்ணிலேயே நடைபெறுகின்றது. காற்றோட்டமுள்ள, நீர் தேங்காத மண்ணினூடாக அந்நீர் மெதுவாக இறங்கும்போது மண் துணிக்கைகள் கிருமிகளைப் பிடித்து வைக்கின்றன. மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் அவற்றை அழிக்கின்றன. ஆகவே எமது வீடுகளின் சுத்திகரிப்பு நிலையம் நாம் சீமெந்து பூசிக் கட்டிய தாங்கியன்று. அதற்கப்பால் உள்ள மண்ணே என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். அந்த மண் இப்பணிக்குத் தகுதியானதா என்பதை அறிவதற்காகவே உறிஞ்சல் பரிசோதனை வகுக்கப்பட்டது.

1920களில் அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில் ஹென்றி றயன் என்ற பொறியியலாளர் வகுத்த இம்முறையே, சிற்சில மாற்றங்களுடன் இன்றும் பல நாடுகளில் பின்பற்றப்படுகின்றது. செய்முறை மிக எளிதானது. உறிஞ்சும் அமைப்பு வரவிருக்கும் இடத்தில், அது வரவிருக்கும் ஆழத்துக்கு, ஒரு சாண் முதல் ஓர் அடி வரையான அகலத்தில் ஒரு துளை தோண்டப்படும். அலவாங்கும் மண்வெட்டியும் அழுத்திய இடங்களில் பக்கச் சுவர் மினுங்கி இறுகியிருக்குமாதலால் அதனைச் சுரண்டி மண்ணின் இயல்பான முகம் வெளிப்படச் செய்வர். அடியில் ஐந்து சென்ரிமீற்றர் அளவுக்குச் சரளைக்கல் இடப்படும். அதன் மேல் 30 சென்ரிமீற்றர் உயரத்துக்கு நீர் ஊற்றி, ஆகக் குறைந்தது நான்கு மணித்தியாலங்களுக்கு, இயன்றால் இரவு முழுவதும், அம்மட்டம் குறையாது பேணப்படும். களிமண் நீரை உண்டு வீங்கிய பின்னரே தனது உண்மையான சுபாவத்தைக் காட்டும் என்பதே இதற்கான காரணம். காய்ந்த மண்ணில் ஒரு வாளி நீரை ஊற்றி அது உடனே மறைவதைக் கண்டு திருப்தியடைவது பரிசோதனையாகாது.

மறுநாள் சரளைக்கு மேல் 15 சென்ரிமீற்றர் உயரத்துக்கு நீர் நிரப்பி, அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை எவ்வளவு இறங்கியுள்ளது என அளந்து, மீண்டும் நிரப்பி, நான்கு மணித்தியாலம் வரை இவ்வாறு தொடர்வர். இறுதி அரை மணித்தியாலத்தில் இறங்கிய அளவே கணக்குக்கு எடுக்கப்படும். மணற்பாங்கான நிலத்தில் நீர் விரைந்து இறங்குமாதலால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அளந்தால் போதுமானது. நீர் 25 மில்லிமீற்றர் இறங்குவதற்கு எத்தனை நிமிடம் எடுக்கின்றது என்பதே பெறுபேறு. 30 நிமிடத்தில் 75 மில்லிமீற்றர் இறங்கினால் பெறுபேறு 10 நிமிடமாகும். ஒரு மண்வெட்டி, ஓர் அடிமட்டம், ஒரு கைக்கடிகாரம், சில வாளி தண்ணீர் ஆகியவற்றுக்கு மேல் இதற்கு எதுவும் தேவையில்லை.

இந்தப் பெறுபேறு வெறும் இலக்கமன்று. குழியின் பருமனையே அது நிர்ணயிக்கின்றது. ஐந்து பேர் கொண்ட குடும்பமொன்று நாளொன்றுக்கு 600 லீற்றர் கழிவுநீரை வெளியேற்றுவதாகக் கொள்வோம். றயன் வகுத்த சூத்திரத்தின்படி, பெறுபேறு 4 நிமிடமாயின் ஒரு சதுர மீற்றர் மண்முகம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 100 லீற்றர் நீரை ஏற்கும்; அக்குடும்பத்துக்கு 6 சதுர மீற்றர் போதுமானது. பெறுபேறு 25 நிமிடமாயின் அதே சதுர மீற்றர் 40 லீற்றர் அளவிலேயே ஏற்கும். தேவைப்படும் பரப்பு 15 சதுர மீற்றராக உயர்ந்துவிடும். 30 நிமிடத்துக்கு மேற்பட்டால் உறிஞ்சு குழி பொருத்தமற்றது எனவும், 60 நிமிடத்துக்கு மேற்பட்டால் அந்நிலம் எத்தகைய உறிஞ்சும் அமைப்புக்கும் உதவாது எனவும் இத்துறையில் நெடுங்காலமாகக் கொள்ளப்பட்டு வருகின்றது. அவ்வாறிருக்க, மேசன் ஒருவர் எல்லா வீட்டுக்கும் ஒரே அளவில் குழி வெட்டுவது எந்த அடிப்படையில் என்பதை நாம் ஒருபோதும் கேட்டதில்லை.

எனினும் இங்கு ஒரு முக்கியமான வேறுபாட்டைக் கவனத்திற்கொள்ள வேண்டும். இப்பரிசோதனை பிறந்த இடங்களில் பெரிதும் அஞ்சப்பட்டது நீர் இறங்காத மண்ணைப் பற்றியே. குழி நிரம்பி முற்றத்தில் வழிந்தால் அது கண்ணுக்குத் தெரியும், மூக்குக்கும் தெரியும். எமது மலையகத் தோட்டங்களில் இப்பிரச்சினையே முதன்மையானது. சரிவான நிலத்தில் களி கலந்த மண்ணில் அமைந்த குழியிலிருந்து நீர் கீழே இறங்க முடியாது பக்கவாட்டில் கசிந்து, கீழுள்ள லயத்து மக்கள் தண்ணீர் பிடிக்கும் பீலியின் ஊற்றைச் சென்றடையும் அபாயம் உண்டு. லயன் அறைகளுக்குப் பதிலாகக் குடும்பத்துக்கு ஏழு பேர்ச்சஸ் காணியில் தனி வீடுகள் அமைக்கும் திட்டங்கள் முன்னெடுக்கப்படும்போது, வீட்டுக்கு வீடு குழி வெட்டப்படும் அந்தச் சரிவு அவ்வளவு நீரையும் தாங்குமா என்பது சுகாதாரம் சம்பந்தப்பட்ட கேள்வி மாத்திரமல்ல. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின்போது மலைநாட்டில் மண்சரிவுகள் ஏற்படுத்திய பேரழிவின் பின்னர், அது உயிர்ப் பாதுகாப்பு சம்பந்தப்பட்ட கேள்வியும் ஆகும்.

வடக்கிலும் கிழக்கின் கரையோரத்திலும் நிலைமை இதற்கு நேர்மாறானது. இங்கு ஆபத்து நீர் இறங்காமையால் அல்ல. மிக விரைவாக இறங்குவதால் வருகின்றது. அந்த ஆபத்துக்கு மணமில்லை, நிறமில்லை. குழி நிரம்பாத பெருமையின் பின்னால் அது மறைந்து கிடக்கின்றது.

யாழ்ப்பாணக் குடாநாடு மயோசீன் காலத்துச் சுண்ணக்கல்லின் மேல் அமைந்த நிலம் என்பதை எமது பாடசாலை மாணவரும் அறிவர். வருடம் முழுவதும் ஓடும் ஆறு அங்கு கிடையாது. மழைநீர் சுண்ணக்கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் இறங்கித் தேங்குவதே அம்மக்களின் நீர்ச் செல்வம். புத்தூர் நிலாவரைக் கிணற்றைப் பார்த்தவர்களுக்கு அந்த நிலத்தின் உட்பகுதி எத்தகையது என்பதை விளக்கத் தேவையில்லை. பல இடங்களில் கல்லின் மேல் உள்ள மண் படை மிக மெல்லியது. குழி வெட்டுவோர் மண்ணைத் தாண்டிக் கல்லையும் உடைத்து வெடிப்பொன்றைக் கண்டுவிட்டால் வேலை நன்றாக முடிந்தது என்று மகிழ்கின்றனர். அவ்வெடிப்பினூடாகச் செல்லும் கழிவுநீருக்கு மண்ணின் வடிகட்டல் சிறிதும் கிடைப்பதில்லை. மழைநீர் கிணற்றை அடையும் அதே பாதையால் அதுவும் கிணற்றை அடைகின்றது. சுன்னாகத்தைச் சூழவுள்ள கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் கடந்த தசாப்தத்தில் பெரும் கொந்தளிப்பை உண்டாக்கியது. எண்ணெய் தன்னைக் காட்டிக் கொடுத்தது; மலக் கழிவு அவ்வாறு காட்டிக் கொடுப்பதில்லை என்பதே வேறுபாடு.

கிழக்கில் நிலைமை வேறு வகையானது. மட்டக்களப்பிலிருந்து காத்தான்குடி, கல்முனை, சாய்ந்தமருது, அக்கரைப்பற்று வரை கடலுக்கும் களப்புக்கும் வயலுக்கும் இடைப்பட்ட மணற்பட்டியிலேயே எமது பெரும் குடியிருப்புகள் அமைந்துள்ளன. மணல் தன்னளவில் மோசமான வடிகட்டி அல்ல. நீர்மட்டத்துக்கு மேல் போதிய உலர்ந்த மணல் இருந்து, கழிவுநீர் சிறிது சிறிதாகப் பரவி இறங்குமாயின், அது கிருமிகளை நன்றாகவே தடுத்து நிறுத்தும். ஆனால் மாரி காலத்தில் இப்பிரதேசங்களின் பல இடங்களில் ஒரு முழம், இரு முழம் தோண்டினாலே தண்ணீர் ஊறுகின்றது. அக்காலத்தில் குழியின் அடி நீர்மட்டத்துக்குள் மூழ்கிக் கிடக்கின்றது. மூழ்கிய குழியிலிருந்து வெளியேறும் கழிவுநீர் உலர்ந்த மண்ணைச் சந்திப்பதேயில்லை. நேராக நிலக்கீழ் நீருடன் கலக்கின்றது. அனர்த்த நிவாரணப் பணிகளுக்கென வகுக்கப்பட்ட சர்வதேச நியமங்கள் குழியின் அடிக்கும் நிலக்கீழ் நீர்மட்டத்துக்கும் இடையே ஆகக் குறைந்தது ஒன்றரை மீற்றர் இடைவெளியை வேண்டுகின்றன. 2004 சுனாமியின் பின்னர் கூடாரங்களுக்குப் பேசப்பட்ட இந்த விதி, பின்னர் கட்டப்பட்ட நிரந்தர வீடுகள் எத்தனைக்குப் பொருந்தும் என்பது சிந்திக்கத்தக்கது.

ஆகவே எமது பிரதேசங்களில் உறிஞ்சல் பரிசோதனை இரு பக்கமும் வெட்டும் வாள் போன்று பயன்படுத்தப்பட வேண்டும். நீர் இறங்குகின்றதா என்று மாத்திரம் பார்த்து அனுமதி வழங்கினால், ஆபத்து மிகுந்த நிலங்களே முதற்புள்ளி பெற்றுவிடும். அளவுக்கு மீறி விரைவாக இறங்கும் நிலமும் தகுதியற்ற நிலமே. 25 மில்லிமீற்றர் ஒரு நிமிடத்துக்குள் இறங்குமாயின், அங்கு உறிஞ்சு குழியை அவ்வாறே விட முடியாது. குறைந்தபட்சம் குழியைச் சுற்றியும் அடியிலும் தகுந்த நுண்மண் படையொன்றை இட்டு நீரின் வேகத்தைத் தணிக்க வேண்டும். பரிசோதனை செய்யும் காலமும் முக்கியமானது. ஓகஸ்ட் மாதத்தில் வரண்டு கிடக்கும் நிலத்தில் செய்த சோதனை மார்கழியில் அந்நிலம் எவ்வாறிருக்கும் என்பதைக் கூறாது. நீர்மட்டம் மிக உயர்ந்து நிற்கும் காலத்தின் அளவே கணக்குக்கு எடுக்கப்பட வேண்டும். கோடையில் விண்ணப்பம் வந்தால், அயல் கிணறுகளின் சுவர்களில் மாரி நீர்மட்டம் பதித்து வைத்திருக்கும் பாசி அடையாளத்தையேனும் பார்க்கலாமல்லவா?

அடுத்து, தூரம் பற்றிய பிரச்சினை. கிணற்றுக்கும் குழிக்கும் இடையே ஐம்பது அடி, அதாவது ஏறத்தாழ 15 மீற்றர், இருக்க வேண்டும் என்பது எமது ஊர்களில் வீடு கட்டும் எவரும் அறிந்த கணக்காகும். இக்கணக்கு விசாலமான வளவுகள் இருந்த காலத்துக்குப் பொருந்தியது. இன்றைய நிலை என்ன? ஒரு பரப்புக் காணி என்பது பத்துப் பேர்ச்சஸ். 253 சதுர மீற்றர். அது சதுரமான காணியாயின் ஒரு பக்கம் 16 மீற்றருக்கும் சற்றுக் குறைவு. ஆறு பேர்ச்சஸ் துண்டாயின் ஒரு பக்கம் ஏறத்தாழ 12 மீற்றர். மூலைக்கு மூலை அளந்தாலும் 17 மீற்றரைச் சற்றே தாண்டும். அதற்குள் வீடும் கட்டி, மதிலிலிருந்து விலகியும் நின்று, கிணற்றுக்கும் குழிக்கும் 15 மீற்றர் விடுவது இயலாத காரியம்.

இயலுமென்றே வைத்துக்கொள்வோம். எமது வழக்கப்படி பெரும்பாலான வீடுகளில் கிணறு வடகிழக்கு மூலையில் அமைகின்றது. அதிலிருந்து ஆகக் கூடிய தூரத்தில் குழியை வைப்பதாயின் அது தென்மேற்கு மூலைக்கே செல்ல வேண்டும். எல்லா வீட்டாரும் இந்த ஒழுங்கைப் பிசகின்றிக் கடைப்பிடித்தால் விளைவு என்ன? எமது தென்மேற்கு மூலையும், அந்த மூலையில் எம்மைத் தொட்டு நிற்கும் அயலவரின் வடகிழக்கு மூலையும் ஒன்றே. எமது குழி எமது கிணற்றிலிருந்து மிகத் தொலைவில் இருக்கும். அயலவரின் கிணற்றுக்கோ மதில் மாத்திரமே இடைவெளியாக இருக்கும். ஒவ்வொருவரும் தத்தம் வளவுக்குள் விதியைச் சரியாகக் கடைப்பிடித்தும் எல்லோருடைய கிணறும் கெட்டுப்போகும் விசித்திரம் இது. நிலக்கீழ் நீருக்கு எமது உறுதிகளிலுள்ள எல்லைகள் தெரியாது. எனவே தனித்தனிக் காணிகளுக்கு அனுமதி வழங்கும் முறையினால் மாத்திரம் இப்பிரச்சினை தீரப்போவதில்லை.

மொத்த அளவையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஓர் ஏக்கரில் வீதிக்கும் ஒழுங்கைக்கும் இடம் விட்டுப் பன்னிரண்டு வீடுகள் அமைந்துள்ளன எனக் கொள்வோம். வீடொன்று நாளொன்றுக்கு 600 லீற்றர் வீதம் வருடத்துக்கு இரண்டு இலட்சத்துப் பத்தொன்பதாயிரம் லீற்றர் கழிவுநீரை மண்ணுக்குள் விடுகின்றது. பன்னிரண்டு வீடுகளினதும் கழிவுநீரை அந்த ஏக்கர் முழுவதும் சமமாகப் பரப்பினால் அது ஏறத்தாழ 650 மில்லிமீற்றர் உயரத்துக்கு நிற்கும். யாழ்ப்பாணத்தில் வருடமொன்றுக்குப் பெய்யும் மழையே சராசரியாக 1,250 மில்லிமீற்றர் அளவிலானதுதான். அதிலும் பெரும் பங்கு ஆவியாகியும் கடலுக்கு ஓடியும் போய்விடுகின்றது. நெருக்கமான குடியிருப்புகளில் எமது கிணறுகளை நிரப்புவதில் மழைக்கு எவ்வளவு பங்கு, எமது குழிகளுக்கு எவ்வளவு பங்கு என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம். ஏறத்தாழ ஆறரைச் சதுர கிலோமீற்றருக்குள் 40,000 பேருக்கு மேல் வாழும் காத்தான்குடி போன்ற ஊர்களில் இக்கணக்கு இன்னும் கடுமையானதாக அமையும்.

கிருமிகளை மண் தடுத்தாலும் தடுக்க முடியாத இன்னொன்று உண்டு. அது நைத்திரேற்று. கழிவிலுள்ள அமோனியா, காற்றோட்டமுள்ள மண்ணில் நைத்திரேற்றாக மாறி நீருடன் கரைந்து தங்குதடையின்றிச் செல்கின்றது. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. அதிகமான நைத்திரேற்றுள்ள நீரில் பால்மா கரைத்துக் கொடுக்கப்படும் கைக்குழந்தைகளின் குருதி ஒட்சிசனைக் காவும் ஆற்றலை இழந்து உடல் நீலம்பாரிக்கும் அபாயம் உண்டு. நீரைக் கொதிக்க வைத்தால் கிருமிகள் சாகும். நைத்திரேற்றோ குறையாது, நீர் வற்றுவதால் அதன் செறிவு கூடவே செய்யும். யாழ்ப்பாணக் கிணறுகளில் நைத்திரேற்று மிகுந்துள்ளமை 1980களிலேயே ஆய்வாளர்களால் எடுத்துக்காட்டப்பட்டது. கற்பிட்டிக் குடாநாட்டின் மணல் நிலத்திலும் அதே தசாப்தத்தில் இது கண்டறியப்பட்டது. வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் பயிரிடப்படும் தோட்டங்களில் இதற்குப் பிரதான காரணம் இரசாயன உரமே என்பதில் ஐயமில்லை. ஆயினும் தோட்டமே இல்லாத நகரப்பகுதிக் கிணறுகளில் மலக்கிருமிகளும் சேர்ந்து காணப்படும்போது விவசாயியின் மேல் பழியைச் சுமத்திவிட்டு நாம் தப்பிக்கொள்ள முடியாது.

குழாய் நீர் வந்துவிட்டதே, இனிக் கிணற்றைப் பற்றி ஏன் கவலை என்று கேட்போரும் உளர். தாளையடியில் நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024 ஓகஸ்ட்டில் திறந்து வைக்கப்பட்டதும், மட்டக்களப்பு மாவட்டத்துக்கு உன்னிச்சைக் குளத்து நீர் வழங்கப்படுவதும் வரவேற்கத்தக்கனவே. ஆனால் குழாய் நீர் வந்த வீட்டில் நீர்ப் பாவனை குறைவதில்லை; கூடுகின்றது. வாளியில் அள்ளி ஊற்றிய இடத்தில் தண்ணீர்த் தாங்கியுடனான மலசலகூடமும், கிணற்றடியில் குளித்த இடத்தில் வீட்டுக்குள் இரண்டு மூன்று குளியலறைகளும் வருகின்றன. அவ்வளவு நீரும் பழைய குழிக்குள்ளேயே செல்கின்றது. பெரும் செலவில் கடல்நீரைச் சுத்திகரித்துக் கொண்டுவந்து, ஒரு நாளில் அதனை அழுக்காக்கி, கிணறுகளுக்குள் அனுப்பும் ஒழுங்கு இது. நீர் வழங்கலுக்குத் திட்டமிடுவோர் அந்நீர் வெளியேறும் வழிக்கும் திட்டமிடாதிருப்பது பாதி வேலையேயாகும். குழாய் நீர் எட்டாத கிராமங்களும், கட்டணம் செலுத்த இயலாத குடும்பங்களும் கிணற்றையே நம்பி இருப்பதையும் மறந்துவிடலாகாது.

சட்டம் இல்லை என்று கூறித் தப்பவும் முடியாது. செப்டிக் தாங்கிகளையும் அவற்றிலிருந்து வெளியேறும் நீரை அகற்றும் அமைப்புகளையும் பற்றி இலங்கைக் கட்டளைகள் நிறுவனத்தின் 745ஆம் இலக்க நியமம் உள்ளது. கட்டட அனுமதி வழங்கும் அதிகாரம் உள்ளூராட்சி மன்றங்களிடம் இருக்கின்றது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் இருக்கின்றனர். வரைபடத்தில் செப்டிக் தாங்கியும் உறிஞ்சு குழியும் ஒழுங்காக வரையப்பட்டே வருகின்றன. ஆனால் அந்த இரு வட்டங்களும் எந்த மண்ணில், எந்த நீர்மட்டத்துக்கு மேல் அமையப்போகின்றன என்பதைக் கூறும் ஒரு துண்டுக் கடதாசியேனும் அவற்றுடன் இணைக்கப்படுவதைக் காண்பது அரிது. குறைபாடு விதியில் இல்லை. விதியை மண்ணுடன் பொருத்திப் பார்க்கும் பழக்கம் இல்லாமையில் உள்ளது.

எனவே புதிய சபைகளின் கவனத்துக்குச் சிலவற்றை முன்வைக்கின்றோம். புதிய கட்டட விண்ணப்பம் ஒவ்வொன்றுடனும் உறிஞ்சல் பரிசோதனையின் பெறுபேறும், மாரிகால நீர்மட்டமும், கல் தட்டுப்படும் ஆழமும் குறிக்கப்பட்ட ஓர் அறிக்கை கட்டாயமாக்கப்பட வேண்டும். அறிக்கைக்கென ஏழைக் குடும்பங்கள் தனியாரிடம் பணம் கொடுத்து அலையும் நிலை உருவாகாது, சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தரே சிறு கட்டணத்தில் அதனைச் செய்து கொடுக்க வேண்டும். இன்றேல் அதுவும் பணம் கொடுத்துப் பெறும் இன்னொரு கையொப்பமாகிவிடும். விண்ணப்பதாரரின் கிணறு மாத்திரமன்றி அயல் வளவுகளின் கிணறுகளும் குழிகளும் வரைபடத்தில் காட்டப்பட வேண்டும். இவற்றை ஒன்று சேர்த்தால் சில வருடங்களில் ஒவ்வொரு கிராம சேவகர் பிரிவுக்கும் ஒரு நிலக்கீழ் வரைபடம் சபையின் கையில் இருக்கும்.

சோதனையில் தோற்கும் நிலத்தில் வீடு கட்டவே கூடாது என்பது எமது வாதமன்று. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு மீண்டு வந்த முஸ்லிம் குடும்பமாயினும், பலமுறை இடம்பெயர்ந்து திரும்பிய தமிழ்க் குடும்பமாயினும், தமக்குக் கிடைத்த துண்டு நிலத்திலேயே வாழ வேண்டியுள்ளது. அவர்களிடம் வேறு காணி தேடுங்கள் என்று எவரும் கூற முடியாது. ஆனால் அந்நிலத்துக்குப் பொருத்தமான அமைப்பை அமைக்கும்படி கூறலாம். அதற்கு உதவவும் வேண்டும். நீர்மட்டம் உயர்ந்த இடங்களில் குழியைக் கீழே வெட்டாது, தரைக்கு மேல் மண் நிரப்பி உயர்த்திய மேட்டுப் படுக்கையில் கழிவுநீரைப் பரப்பி விடலாம். வெடிப்புள்ள கல் நிலத்தில் தாங்கியின் அடியும் பக்கங்களும் முற்றாகப் பூசப்பட்டு, வெளியேறும் நீர் சரளை வடிகட்டியொன்றினூடாகச் சென்ற பின்னரே மண் படைக்குள் விடப்படலாம். வீடுகள் மிக நெருங்கிய இடங்களில் ஒவ்வொரு தாங்கியிலிருந்தும் தெளிந்த நீரை மாத்திரம் சிறிய குழாய்களால் சேர்த்து ஊருக்குப் பொதுவான ஓர் இடத்தில் சுத்திகரிக்கும் முறை, பெரும் கழிவுநீர்த் திட்டத்தை விடச் செலவு குறைந்தது.

பூசிய தாங்கி நிரம்பும். நிரம்பினால் பவுசர் வரவேண்டும். பவுசர் ஏற்றிய கழிவு எங்கே கொட்டப்படுகின்றது என்ற கேள்விக்கு விடை இல்லாத சபை, மக்களைத் தாங்கியைப் பூசுமாறு கேட்கும் தகுதியை இழந்துவிடுகின்றது. களப்போரத்திலோ காட்டோரத்திலோ கொட்டப்படுமாயின், ஒரு குழியில் இருந்த ஆபத்து ஓர் ஊருக்குப் பகிர்ந்தளிக்கப்படுகின்றது என்பதே அதன் பொருள். ஆகவே மலக்கழிவுச் சுத்திகரிப்பு நிலையம் இல்லாத மாவட்டங்களில் அதுவே முதல் வேலையாக அமைய வேண்டும். அயல் சபைகள் இன, கட்சி பேதமின்றி ஒன்றிணைந்து செய்யத்தக்க பணி இது. தமிழர் வாழும் ஊரும் முஸ்லிம்கள் வாழும் ஊரும் ஒரே மணற்பட்டியில் அடுத்தடுத்து அமைந்த கிழக்கில், நிர்வாக எல்லைகள் குறித்து எத்தனை சர்ச்சைகள் இருப்பினும், அவ்விரு ஊர்களும் அருந்துவது ஒரே நிலக்கீழ் நீரையே.

கோயில்கள், பள்ளிவாசல்கள், பாடசாலைகள், திருமண மண்டபங்கள், உணவகங்கள் என்பன ஒரு வீட்டைப் போல் பல மடங்கு நீரைப் பயன்படுத்துவன. தூய்மையை வழிபாட்டின் முன்நிபந்தனையாகக் கொண்ட சமூகங்கள் நாம். கை கால் கழுவிய நீரையேனும் மலக்கழிவிலிருந்து பிரித்து வாழைக்கும் தென்னைக்கும் பாய்ச்சினால் குழியின் சுமை கணிசமாகக் குறையும். திருவிழா நாளிலும் வெள்ளிக்கிழமையிலும் மக்களிடம் இதனை எடுத்துக் கூறும் நிலையிலுள்ள பெரியோர், முதலில் தத்தம் வளாகத்தில் மண்ணைச் சோதித்து முன்மாதிரி காட்டலாம்.

இவையெல்லாவற்றுக்கும் சபைகளின் தீர்மானம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வீட்டுக் கிணற்று நீரை வருடத்துக்கு ஒருமுறை, குறிப்பாக மாரி முடிந்த கையோடு, பரிசோதிப்பிக்கலாம். குழி வெட்ட வருபவரிடம் எவ்வளவு ஆழம் என்று கேட்பதோடு நில்லாது, தண்ணீர் எத்தனை அடியில் என்றும் கேட்கலாம். ஓர் இரவும் ஒரு பகலும் செலவிட்டு, ஒரு துளை தோண்டி, அடிமட்டத்தை வைத்து அளந்து பார்க்கலாம்.

எமது முன்னோர் வெட்டிய கிணறுகள் போரையும் இடப்பெயர்வையும் தாண்டி எமக்காகக் காத்திருந்தன. தூர்ந்து கிடந்தவற்றை இறைத்துச் சுத்தம் செய்து மீண்டும் குடித்தோம். ஆனால் கல்லின் வெடிப்புகளுக்குள்ளும் மணலின் அடியிலும் சேர்ந்துவிட்ட அழுக்கை இறைத்து அகற்றும் இயந்திரம் எவரிடமும் கிடையாது. ஆகவே அடுத்த முறை குழி நிரம்பவில்லை என்று எவரேனும் பெருமை பேசினால், அருகிலுள்ள கிணறு எத்தனை அடி தூரத்தில் இருக்கின்றது என்று அவரிடம் கேட்போம். அவரது கிணற்றை மாத்திரமல்ல, மதிலுக்கு அப்பால் உள்ள கிணற்றையும் சேர்த்தே கேட்போம்.